தொட்டிக்கரி ஹைட்ரஜன் வினையூக்கி: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

பொள்ளாச்சித் தேங்காய்த் தொட்டி (சிரட்டை), பல்லடத்துப் பருத்திமார் (பருத்திச் செடியின் காய்ந்த தண்டு), கோபி நெல் உமி, நாமக்கல் மரவள்ளித் திப்பி, கடலைத் தொல்லி. இவற்றைக் கரியாக்கி, தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் வினையூக்கியாக மாற்றும்போது திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை இங்கே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறோம். கல்லூரி ஆய்வகத்திலோ சிறு பட்டறையிலோ கிராம் கணக்கில் செய்பவர்களுக்கானது இது. ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், வெளியே கொடுத்துப் பார்க்க வேண்டியது கடைசியில் வரும்.

கீழே வரும் அளவுகள் இந்தச் செய்முறையை வைத்துச் சொன்னவை. 2 முதல் 5 மி.மீ. துண்டுகளாக உடைத்த தொட்டியைக் கழுவி, 105 டிகிரியில் ஓர் இரவு உலர்த்த வேண்டும். நைட்ரஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றி, 500 டிகிரியில் 2 மணி நேரம் சுட வேண்டும். அந்தக் கரி 1 பங்குக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 2 பங்கு (எடையில்) கலந்து, 800 டிகிரியில் 1 மணி நேரம். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் தூய நீரிலும் கழுவல். கடைசியாக யூரியாவும் நிக்கல் நைட்ரேட்டும் சேர்த்து மறுபடியும் 800 டிகிரி. 1 கிராம் கரியில் 10% நிக்கல் ஏற, ஆறு நீர் மூலக்கூறு கொண்ட நிக்கல் நைட்ரேட் 0.55 கிராம் தேவை.

சாக்குக்குச் சாக்கு முடிவு மாறுகிறது

எல்லாவற்றையும் அதே மாதிரிதான் செய்கிறீர்கள், ஆனால் போன மாதக் கரி நன்றாக இருந்தது, இந்த மாதக் கரி படுத்துவிட்டது. உலையையும் கருவியையும் நோண்டுவதற்கு முன் சாம்பலைப் பாருங்கள். வேறெந்தச் சோதனையும் இவ்வளவு மலிவாக இவ்வளவு சொல்லாது.

500 டிகிரியில் சுட்ட கரியில் 1 கிராம் எடுத்து, திறந்த பீங்கான் கிண்ணத்தில் மஃபிள் உலையில் 750 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை எரியுங்கள். நல்ல தொட்டிக்கரியில் மிஞ்சுவது 1 முதல் 2% மட்டும். கடலைத் தொல்லியில் அதைவிடப் பல மடங்கு மிஞ்சும். உமியின் எடையிலேயே 15 முதல் 20% சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. கரியான பிறகு அந்த விகிதம் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும்.

அளவோடு நிற்காமல் நிறத்தையும் பாருங்கள்.

சாம்பல் செங்கல் நிறமாக இருந்தால் செம்மண். அவிநாசி, காங்கயம் பக்கத்துச் செம்மண் காட்டில் பிடுங்கிய கடலையின் தொல்லி, வரிப்பள்ளங்களில் மண்ணை அடைத்துக்கொண்டு வரும். மேலோட்டமாக அலசினால் போகாது. தண்ணீரில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். கரியான பிறகுதான் தெரிந்தது என்றால், 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 6 மணி நேரம் வைத்துக் கழுவுங்கள்.

சாம்பல் வெள்ளையாக, விரலில் மாவு போல் ஒட்டினால் கால்சியம். சிமெண்டுக் களத்தில் காய வைத்த சரக்கிலும், மஞ்சி மில் நார்க்கழிவிலும் இது வரும். ஏற்றுமதிக்காகக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்த நார்க்கழிவு என்றால் கேட்கவே வேண்டாம். வாங்கும்போதே ஊறவைக்காத சரக்கா என்று மில்லில் விசாரித்துவிடுங்கள்.

வெள்ளையாக, ஆனால் நறநறவென்று இருந்தால் சிலிக்கா. உமிக்கரியை 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 80 டிகிரியில் 4 மணி நேரம் வேக வைத்தால் கரைந்துவிடும். கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யாதீர்கள், காரம் கண்ணாடியையும் சேர்த்துக் கரைக்கும். பாலிப்ரொப்பிலீன் பாத்திரம் போதும். சிலிக்காவை எடுக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். காரத்தில் முடிகிற வேலைக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

இன்னொன்று: கரிச்சூளையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தொட்டிக்கரியை வாங்கிப் பயன்படுத்துபவர்கள், அது குழியில் சுட்டு உப்புத்தண்ணீர் ஊற்றி அணைத்த கரியா என்று பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு முழுவதும் அதன் துளைகளில் உட்கார்ந்திருக்கும். பச்சைத் தொட்டியை வாங்கி நீங்களே சுடுவதுதான் எங்கள் பரிந்துரை.

சாம்பல் 2 சரக்கிலும் ஒன்றாகவே இருந்து முடிவு மட்டும் மாறினால், அப்போது உலையின் வெப்பநிலையைச் சந்தேகிக்கலாம். அடுத்த பகுதியின் கடைசியில் அதற்கான உப்புச் சோதனை இருக்கிறது.

உலையைத் திறந்தால் கரிக்கு மேல் சாம்பல் பூத்திருக்கிறது

அடியில் கருப்பு, மேலே மெல்லிய சாம்பல் போர்வை. காற்று உள்ளே போயிருக்கிறது. தொட்டி 500 டிகிரியில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு கரியாக மிஞ்ச வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் எரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

*முதலில், சூடாக இருக்கும்போது திறந்தீர்களா?* புதுக்கரி 100 டிகிரியில்கூடக் காற்றைக் கண்டால் கனன்றுவிடும். 50 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை நைட்ரஜனை நிறுத்தக் கூடாது.

*காற்றை முழுவதும் வெளியேற்றினீர்களா?* 60 மி.மீ. உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள உலைக்குழாயின் கொள்ளளவு 2.8 லிட்டர். அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 14 லிட்டர் நைட்ரஜன் போன பிறகுதான் சூடேற்ற வேண்டும். நிமிடத்துக்கு 100 மி.லி. வைத்தால் அதற்கு 2 மணி 20 நிமிடம் ஆகும், பெரும்பாலோர் 15 நிமிடத்தில் சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் 500 மி.லி. வைத்து அரை மணி நேரம் விடுங்கள், பிறகு 100க்குக் குறையுங்கள்.

*வெளிவாயில் குமிழி வருகிறதா?* உள்வாயில் மீட்டர் ஓட்டத்தைக் காட்டி, வெளிவாய்ப் பாட்டிலில் குமிழி இல்லையென்றால் வளையத்தில் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரியும். சூட்டில் இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாற்றினால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

*இதெல்லாம் சரியாக இருந்தும் பூக்கிறதென்றால்* சிலிண்டரைப் பாருங்கள். சாதாரணத் தொழிற்சாலைத் தர நைட்ரஜனில் இருக்கும் ஆக்சிஜன் நீண்ட ஓட்டத்தில் கரியைத் தின்னும். 99.999% தரத்துக்கு மாறுங்கள்.

கரி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விளைச்சலும் தரமும் மாறி மாறி வருகிறது என்றால் திரை காட்டும் 800 உண்மையில் 800 தானா என்று பார்க்க வேண்டும். சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். கரி இல்லாத வெறும் ஓட்டத்தில், சிறு பீங்கான் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்பை மாதிரி வைக்கும் இடத்திலேயே வைத்து, 790இல் ஒருமுறையும் 815இல் ஒருமுறையும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். முதல் முறை பரல் பரலாகவும் அடுத்த முறை கண்ணாடித் துளி போலவும் இருந்தால் உலை சரி. 815இலும் பரலாகவே இருந்தால் தெர்மோகப்பிள் (வெப்பநிலையை உணரும் கம்பி) குழாய்க்கு வெளியே சுருளை ஒட்டி இருக்கிறது, அல்லது அதன் இணைப்பு வயர் மாறியிருக்கிறது. கே வகைத் தெர்மோகப்பிள், குளிர்முனை 0 டிகிரியில் இருந்தால், 800 டிகிரியில் 33.3 மில்லிவோல்ட் தர வேண்டும்; குளிர்முனை 30 டிகிரி அறையில் இருந்தால் ஏறக்குறைய 32.1. அது சரியாக வந்தும் உலை தவறினால் கட்டுப்பாட்டுப் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். கோவையில் உலை செய்து தருபவர்களுக்குக் குறைவில்லை, அவர்களைக் கூப்பிடுங்கள்.

வெளிவாய் அடைத்துக்கொள்கிறது, மூடி தள்ளுகிறது

கருப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் தார். ஒரே தடவையில் அதிகம் போட்டிருக்கிறீர்கள், அல்லது 250க்கும் 400க்கும் இடையில் வேகமாக ஏற்றியிருக்கிறீர்கள். அந்த இடைவெளியில் நிமிடத்துக்கு 2 டிகிரி போதும். வெளிவாய்க்கும் குமிழிப் பாட்டிலுக்கும் இடையில் ஒரு வெறும் பாட்டில் வையுங்கள். தார் அதில் தங்கும், உலை ஆறும்போது தண்ணீர் பின்னால் உறிஞ்சப்பட்டாலும் சூடான குழாய்க்குள் போகாது.

வெள்ளையாகப் பொடி பூத்தது போல அடைத்தால் யூரியா. அது 133 டிகிரியில் உருகி, பிறகு நுரைத்துப் படகை (உலைக்குள் மாதிரி வைக்கும் நீளக் கிண்ணத்தை) விட்டு ஏறும். படகில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வரும் வாயுவில் அம்மோனியாவோடு சயனைடு வகைகளும் இருக்கலாம். புகைபோக்கிக் கூண்டு இல்லாத இடத்தில் இந்தக் கட்டத்தைச் செய்யவே கூடாது.

படகு விரிசல் விடுகிறது, குவார்ட்சு குழாய் மங்குகிறது

உருகிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அலுமினாப் படகையும் குவார்ட்சையும் அரிக்கும். நிக்கல் படகுக்கு மாறுங்கள், வேறு குறுக்குவழி இல்லை. காரம் பொங்கி வழிவதுதான் குழாயை அதிகம் கெடுக்கிறது. அதனால் 400 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தி நீராவி போன பிறகு மேலே ஏற்றுங்கள்.

குழாயின் குளிர்ந்த முனையில் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் படலம் தெரிந்தால் நில்லுங்கள். 700 டிகிரிக்கு மேல் கரி பொட்டாசியச் சேர்மங்களைப் பொட்டாசிய உலோகமாகவே மாற்றும். அது ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் படிகிறது. ஈரத் துணியால் துடைத்தால் தீப்பிடிக்கும். குழாய் முழுவதும் ஆறிய பிறகு, தண்ணீர்ப் பாட்டில் வழியாகக் குமிழியிட்டு ஈரமாக்கிய நைட்ரஜனை ஒரு மணி நேரமாவது விடுங்கள். பளபளப்பு போய் வெள்ளையாக மாறிய பிறகே திறக்க வேண்டும். படகில் இருக்கும் கரிக்கும் இதே விதிதான். படலம் கட்டியாக இருந்தால், அல்லது வெள்ளையாக மாறவே இல்லையென்றால், வேதியியல் துறையில் கார உலோகங்களைக் கையாண்டு பழகியவர் வரும் வரை குழாயை நைட்ரஜனிலேயே வைத்திருங்கள்.

கழுவக் கழுவக் காரம் போகவில்லை

நுண்துளைக்குள் பொட்டாசியம் கார்பனேட் சிக்கியிருக்கிறது. வெறும் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருப்பது வீண். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் கலக்கி, பிறகு 70 டிகிரி சூட்டில் தூய நீரால் கழுவுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம் பி.எச். தாளில் தெரியாது. கழுவி வடித்த நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விடுங்கள். பால் போல் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது, தெளிவாக நின்றால் முடிந்தது. இந்தச் சோதனைக்குக் குழாய்த் தண்ணீரில் கழுவிய கரி ஒருபோதும் தேறாது. சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் கழுவலின் கடைசி மூன்று முறைக்கு வாலை வடிநீர்தான் வேண்டும்.

நிக்கல் ஏற்றிய பிறகு அமிலத்தில் கழுவிவிட்டு, வினையூக்கி வேலை செய்யவில்லை என்று வருபவர்களும் உண்டு. அமிலம் வெளியே தெரியும் நிக்கலைக் கரைத்து எடுத்துவிடும். அமிலக் கழுவல் நிக்கலுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

மின்முனையில் ஒட்டாமல் உதிர்கிறது

கிளாஸி கார்பன் முனைக்கு: 5 மி.கிராம் பொடி, தூய நீர் 480, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 480, பொடியை ஒட்டவைக்கும் 5% நாஃபியான் கரைசல் 40 மைக்ரோலிட்டர். அல்ட்ராசோனிக்கில் 30 நிமிடம், இடையில் பனிக்கட்டி போட்டுக் குளிரவைத்து. 3 மி.மீ. முனையில் 5 மைக்ரோலிட்டர் விட்டால் சதுர செ.மீ.க்கு 0.35 மி.கிராம் வரும். விளிம்பில் வளையமாகக் காய்ந்தால் மேலே ஒரு பீக்கரைக் கவிழ்த்து மெதுவாக உலரவிடுங்கள். பொடி அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும்.

நிக்கல் ஃபோமில் (பஞ்சு போல் துளை நிறைந்த நிக்கல் தகட்டில்) என்றால், 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 நிமிடம் வைத்து ஆக்சைடைப் போக்கினீர்களா என்று பாருங்கள். சதுர செ.மீ.க்கு 3 மி.கிராமுக்கு மேல் ஏற்றினால் குமிழிகளே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

மின்னோட்டம் வரவில்லை, அல்லது சதுர செ.மீ.க்கு 10 மில்லிஆம்பியருக்கு 400 மில்லிவோல்ட்டுக்கு மேல் மிகை மின்னழுத்தம் (வினைக்குக் கணக்குப்படி வேண்டியதற்கும் மேல் கொடுப்பது) கேட்கிறது

வினையூக்கி மோசம் என்று முடிவு கட்டுவதற்கு முன் நான்கு இடம் பார்க்க வேண்டும். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கரைசல். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகளில் 15% வரை தண்ணீர் இருக்கும். 56.1 கிராம் நிறுத்துப் போட்டால் 1 மோலார் வராது. 85% சரக்குக்கு லிட்டருக்கு 66 கிராம். திறந்து வைத்த பழைய கரைசல் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட்டாகிப் போயிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை புதிதாகப் போடுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி வையுங்கள்.

குறிப்பு மின்முனை. காரக் கரைசலில் வெள்ளி குளோரைடு மின்முனையை நாள்முழுக்கப் போட்டு வைத்தால் நகர்ந்துவிடும். இங்கே மெர்க்குரி ஆக்சைடு மின்முனைதான் சரி. ஒரே கரைசலில் இரண்டு மெர்க்குரி ஆக்சைடு மின்முனைகளை மல்டிமீட்டரில் இணைத்தால் வித்தியாசம் 5 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கணக்கு: மீள்ஹைட்ரஜன் மின்முனையைச் சுழியாக வைத்த அளவுக்கு (RHE) மாற்ற 0.098 வோல்ட்டும், பி.எச். மதிப்பை 0.0591 ஆல் பெருக்கியதும் கூட்ட வேண்டும். பி.எச். 14 என்றால் மொத்தம் 0.925. முனையின் நுனியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலே அளவு தாறுமாறாகத் துள்ளும். தட்டி விடுங்கள்.

கரைசலின் மின்தடை. கலத்தின் தடை 4 ஓம் என்றால் 10 மில்லிஆம்பியரில் 40 மில்லிவோல்ட் அதிலேயே போகிறது, 100 மில்லிஆம்பியரில் 400. திருத்தாமல் பார்த்தால் எந்த வினையூக்கியும் மோசமாகத்தான் தெரியும். தடையை அளந்து 85 முதல் 90% வரை கழியுங்கள். 100% கழித்தால் கருவி தள்ளாடும்.

கரியின் கடத்துதிறன். இதற்குக் கருவி வேண்டாம். 1 மி.லி. பிளாஸ்டிக் ஊசிக்குழாயின் மூக்கை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ளே சரியாகப் பொருந்தும் பித்தளைக் கம்பியைச் செருகி, நடுவில் அரை செ.மீ. உயரத்துக்குக் கரிப்பொடி வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மல்டிமீட்டரில் பாருங்கள். 500 டிகிரியோடு நின்ற கரி கிலோ ஓமிலிருந்து மெகா ஓம் வரை காட்டும். 800 பார்த்த கரி சில பத்து ஓம், அல்லது அதற்கும் கீழே. உங்கள் கரி கிலோ ஓமில் நின்றால் உலை 800ஐத் தொடவில்லை. உப்புச் சோதனைக்குத் திரும்புங்கள்.

நான்கும் சரி, இன்னும் வரவில்லை என்றால்தான் வினையூக்கியின் குறை. நிக்கல் உண்மையில் ஏறியிருக்கிறதா, கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டதா என்பதற்கு எக்ஸ் கதிர் விளிம்புவிலகலும் மின்னணு நுண்ணோக்கியும் வேண்டும். பல்கலைக்கழகக் கருவி மையங்களில் மாதிரிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். பரப்பளவு அளக்கவும் அங்கேயே கொடுக்கலாம், ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள். பரப்பு 2000 சதுர மீட்டர் என்று வந்தாலும் கரி மின்சாரம் கடத்தாவிட்டால் பயனில்லை.

முடிவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

இதையும் கோளாறாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உலோகமே சேர்க்காத கரி காரக் கரைசலில் 100 மில்லிவோல்ட்டுக்குக் கீழே 10 மில்லிஆம்பியர் கொடுத்தால், மாணவர் மகிழ்வதற்கு முன் வழிகாட்டி உட்கார்ந்து இவற்றைப் பார்க்க வேண்டும்.

எதிரே இருக்கும் மின்முனை பிளாட்டினக் கம்பியா? நீண்ட சோதனையில் பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து வந்து உங்கள் கரியின் மேல் படியும். அதன் பிறகு நீங்கள் அளப்பது கரியை அல்ல, பிளாட்டினத்தை. முதல் சுற்றைவிட ஆயிரமாவது சுற்று நன்றாக இருந்தால் இதுதான் காரணம் என்று பாதி உறுதி. கிராஃபைட்டுத் தண்டைப் போட்டு, புதுக் கரி, புதுக் கரைசலில் திரும்ப ஓட்டுங்கள்.

எந்த வேகத்தில் ஓட்டினீர்கள்? காரத்தில் துளைபோட்ட தொட்டிக்கரி சூப்பர் கெப்பாசிட்டர் செய்யவும் ஆகும் பொருள். கிராமுக்கு 100 ஃபேரட் என்று வையுங்கள். நிக்கல் ஃபோமில் சதுர செ.மீ.க்கு 3 மி.கிராம் ஏற்றினால் 0.3 ஃபேரட். நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் ஓட்டினால் சார்ஜ் ஏறும் மின்னோட்டம் மட்டுமே 15 மில்லிஆம்பியர். ஒரு குமிழிகூட வராமலேயே 10 மில்லிஆம்பியர் கோட்டைத் தாண்டிவிட்டது! நொடிக்கு 1 அல்லது 2 மில்லிவோல்ட்டில் ஓட்டுங்கள். அதைவிட நல்லது, ஒவ்வொரு மின்னோட்டத்திலும் 10 நிமிடம் நிறுத்தி நிலையான வோல்டேஜைக் குறிப்பது.

ஃபோம் எவ்வளவு நனைந்திருக்கிறது? 1 சதுர செ.மீ. முக்கினாலும் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல ஃபோம் கரைசலை மேலே இழுக்கும். 1 செ.மீ.க்கு மேலே இருக்கும் பகுதியை எபாக்சி பூசி அடையுங்கள். கரி பூசாத வெறும் ஃபோமையும் கட்டாயம் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இரும்பு எங்கிருந்தாவது வந்ததா? ஆக்சிஜன் பக்கம் நிக்கலோடு இரும்பு துளி சேர்ந்தாலே செயல்திறன் ஏறும், அது சாதாரணப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலேயே அசுத்தமாக வருகிறது. கரிக்குள் வந்ததா என்பதை நிக்கல் ஏற்றுவதற்கு முன் காந்தத்தால் பார்த்துவிடலாம். நிக்கல் ஏறிய பின் பார்த்தால் அதுவே ஒட்டும், குழப்பம்தான் மிஞ்சும். வெள்ளைத் தாளில் பொடியைப் பரப்பி அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். 500 டிகிரிக் கரியை அரைத்ததுமே ஒட்டுகிறதென்றால் அரைத்த பாத்திரத்தின் இரும்பு, மிக்சி பிளேடுதான் முதல் சந்தேகம். அரைத்ததில் ஒட்டாமல் 800 டிகிரிக்குப் பிறகு மட்டும் ஒட்டினால், செம்மண்ணின் இரும்பு சூட்டில் காந்தத்துக்குப் படியும் வடிவத்துக்கு மாறியிருக்கிறது. முதலாவதற்கு அகேட் உரலுக்கு மாறுங்கள், இரண்டாவதற்கு மேலே சொன்ன அமிலக் கழுவல். பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் எண் வேண்டுமென்றால் ஐ.சி.பி. என்னும் உலோகச் சோதனைக்கு வெளியே கொடுக்க வேண்டியதுதான். ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது.

அளந்த ஹைட்ரஜன் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது

கொடுத்த மின்சாரத்துக்கு வர வேண்டியதைவிட அதிக வாயு எந்தக் கலத்திலும் வராது. கணக்கில்தான் பிழை. 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் 0.01866 மோல் ஹைட்ரஜன். பாடப்புத்தகக் கணக்கில், கடல்மட்ட அழுத்தத்தில் 25 டிகிரியில், அது 456 மி.லி.

கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் 1013 இல்லை, ஏறக்குறைய 965 ஹெக்டோபாஸ்கல். அறை 30 டிகிரி. கவிழ்த்த அளவுக்குடுவையில் தண்ணீருக்கு மேல் பிடிக்கிறீர்கள், அதனால் உள்ளே நீராவியும் 42 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் கலந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் அதே 0.01866 மோல் 510 மி.லி. இடத்தை அடைக்கும். 456ஐ வைத்து வகுத்தால் 112% வரும். சோதனை நாளன்று அழுத்தத்தையும் வெப்பநிலையையும் குறித்து அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். வால்பாறையிலோ ஊட்டியிலோ செய்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

திருத்திய பிறகு 95 முதல் 100 வந்தால் சரி. 90க்குக் கீழே என்றால் குழாயில் கசிவு, அல்லது இரண்டு பக்க வாயுவும் நடுவில் கலக்கிறது. கலப்பது ஆபத்து, உடனே நிறுத்தி, இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் சவ்வைப் பாருங்கள்.

நாளுக்கு நாள் வோல்டேஜ் ஏறுகிறது

கரைசலின் நிறத்தையும் மின்முனையையும் பாருங்கள்.

கரைசல் வரக்காப்பி நிறத்துக்கு மாறினால் கரி கரைகிறது. ஆக்சிஜன் வரும் ஆனோடு பக்கம் தொட்டிக்கரி வைத்திருக்கிறீர்கள். அங்கே இருக்கும் மின்னழுத்தத்தில் கரி தானே ஆக்சிஜனேற்றம் அடையும், வரும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி ஆக்சிஜனுக்கே போகாமல் கரியை எரிக்கப் போகிறது. கரியை ஹைட்ரஜன் வரும் கேத்தோடு பக்கம் வையுங்கள். ஆனோடுக்கு வெறும் நிக்கலோ நிக்கல் இரும்போ போதும்.

கேத்தோடில் வெள்ளைப் படிவு இருந்தால் தண்ணீர். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். டி.டி.எஸ். 30 என்று மீட்டர் காட்டுவது குடிக்கத்தான் நல்லது. ஊற்ற ஊற்றக் கால்சியமும் மெக்னீசியமும் கலத்திலேயே சேர்ந்துகொண்டு போய்க் கேத்தோடில் படியும். நிரப்பும் தண்ணீரின் கடத்துதிறன் 5 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். பேட்டரித் தண்ணீர் வாங்கினாலும் கேனுக்குக் கேன் அளந்துதான் ஊற்றுங்கள். படிந்தது மெல்லியதாக இருந்தால் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சிறிது நேரம் வைத்துக் கழுவலாம், ஆனால் நிக்கலும் கொஞ்சம் போகும்.

நிறமும் மாறவில்லை, படிவும் இல்லை, ஆனால் காலையில் தொடங்கும்போது மட்டும் வோல்டேஜ் எகிறுகிறதா? சோலார் பேனலிலோ காற்றாலை மின்சாரத்திலோ ஓட்டுபவர்களுக்கு இது வழக்கம். மின்சாரம் நின்றதும் கலம் பேட்டரி போல மாறி எதிர்த்திசையில் மின்னோட்டம் பாயும், கேத்தோடு நிக்கல் ஆக்சிஜனேற்றம் அடையும். இரவில் சதுர செ.மீ.க்கு 1 அல்லது 2 மில்லிஆம்பியர் ஒரு சிறு பேட்டரியிலிருந்து ஓடவிட்டால் போதும். அப்போதும் ஹைட்ரஜன் வந்துகொண்டுதான் இருக்கும், வாயுக்குழாய் திறந்த வெளிக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் நிறுத்தும்போது கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கேத்தோடை வெளியே எடுத்துத் தூய நீரில் கழுவி உலர்த்தி வையுங்கள்.

டப் என்று சத்தம், அல்லது வாயு உணரி அலறுகிறது

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75% வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றும், நிறமும் மணமும் கிடையாது. இந்த அறிகுறிக்கு நீங்கள் பிழை தேடக் கூடாது. மின்சாரத்தை அறைக்கு வெளியே இருக்கும் மெயின் சுவிட்சில் அணையுங்கள். அறைக்குள் இருக்கும் எந்தச் சுவிட்சையும், எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சையும்கூட, தொடக் கூடாது, அதன் பொறியே போதும். வெளியே போகிற வழியில் கைக்கு எட்டும் கதவையும் ஜன்னலையும் மட்டும் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். ஹைட்ரஜன் மேலே ஏறும் என்பதால் கூரையை ஒட்டிய மேல் ஜன்னலும் காற்றுத்துளையும் எப்போதும் திறந்தே இருக்கும்படி முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துக் கையடக்க உணரியோடு ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். வாயுவை அழுத்திச் சிலிண்டரில் அடைக்கும் கட்டத்துக்குப் போயிருந்தால் அந்த ஒருவரும் போக வேண்டாம், அழுத்தக் கலன்களில் அனுமதி பெற்ற பொறியாளரும் தீயணைப்புத் துறையும் வரும் வரை அறை பூட்டியிருக்கட்டும்.